நின்ற இதயம் திரும்பிய பிறகு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றும் முதலுதவி, செய்யும் முறையை எழுதியிருந்தோம். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்று. அதற்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் அழுத்துவதைப் பற்றியவை அல்ல. பிழைத்து வீடு திரும்பியவரை எப்படிப் பார்த்துக்கொள்வது, அழுத்தியவர் தூக்கமில்லாமல் கிடந்தால் என்ன செய்வது என்றுதான் சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துப் பையும் அடுத்த தேதியும் கொடுக்கிறார்கள். இதற்கென்று ஒரு தாள் கைக்கு வருவது அபூர்வம். மருத்துவ உலகமே இதைத் தாமதமாகத்தான் கவனித்தது. அமெரிக்க இதயச் சங்கம் தன் உயிர்காப்புச் சங்கிலியில் (இதயம் நின்றவரைக் காப்பாற்றும் படிகளின் வரிசை) 'மீட்சி' என்று ஆறாவது கண்ணியைச் சேர்த்தது 2020இல்தான்.

ஒன்றை மட்டும் முதலில் பிரித்துக்கொள்வோம். கடிதங்களில் எல்லாமே 'ஹார்ட் அட்டாக்'தான். மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைப்பு. ஆள் வலிக்கிறது என்று சொல்வார், வேர்க்கும், நடக்கக்கூடச் செய்வார். இதய நிறுத்தம் என்பது துடிப்பே நின்றுபோவது. ஆள் சாய்ந்துவிடுவார், தட்டிக் கூப்பிட்டாலும் அசைவிருக்காது. முதலாவது முற்றி இரண்டாவதாகலாம். இந்த வாரம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. செம்பனை ஆலையில் வேலை செய்யும்போது விழுந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள்தான் அழுத்திக் காப்பாற்றினார்கள். 11 நாள் ஐசியூவில் இருந்து வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஒரே கேள்வியை நாலு தடவை கேட்கிறார். அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு மறந்துபோகிறார். கோபமே வராத மனிதர், இப்போது பேரப்பிள்ளை சத்தம் போட்டால் கத்துகிறார்; நாடகம் பார்த்து அழுகிறார். 'புத்தி மாறிப்போச்சு' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இது இப்படியேதான் இருக்குமா? (ஒரு வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, புத்தி மாறவில்லை. மூளை சில நிமிடம் பட்டினி கிடந்திருக்கிறது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை, ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஓட்டம் நின்றால் முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று புதிய செய்தியைப் பதிந்து வைக்கும் பகுதி. 1990இல் நடந்த கல்யாணத்தைச் சொல்வார், காலையில் என்ன சாப்பிட்டார் என்று தெரியாது. 'பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கே, வேணும்னே பண்றாரு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோபத்தையும் அழுகையையும் பிடித்து நிறுத்தும் பகுதியும் களைத்துப்போயிருக்கிறது. அவர் கத்தும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் பிற்பகலாக, வீட்டில் ஆள் நிறைந்த பிறகாக, டிவி ஓடும்போதாக இருக்கும். குணம் கெட்டுப்போனதால் வரும் கோபமல்ல அது, மூளைக் களைப்பு.

பெரிய முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் தெரியும். அதன்பிறகும், வேகம் குறைந்தாலும், ஒரு வருடம் வரை கூடிக்கொண்டே வரலாம். ஐந்தாவது வாரத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல் 2021இல் சொன்னது இது: வீட்டுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் நினைவாற்றல், மனநிலை, களைப்பு மூன்றையும் சோதிக்க வேண்டும். இங்கே மலேசியாவில் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் இதய டாக்டரிடம் 'ஞாபக சக்தியைச் சோதிக்க எழுதிக் கொடுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மோக்கா என்று ஒரு சோதனை உண்டு, 30 மதிப்பெண், பத்துப் பதினைந்து நிமிட வேலை. 26க்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பார்ப்பார்கள். படிப்பு 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவு என்றால் ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்வார்கள். உங்கள் கணவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்தவர் என்றால், சோதனையைத் தமிழில் வைக்கச் சொல்லுங்கள். மலாயில் வார்த்தை வராததை மறதி என்று எழுதிவிட்டால் யாருக்கும் பயனில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது: ஒரே ஒரு நோட்டு, கயிற்றில் பேனாவோடு, சாப்பாட்டு மேசையில். இடது பக்கம் இன்றைக்குச் செய்ய வேண்டியது, வலது பக்கம் செய்து முடித்தது, நேரத்தோடு. எழுதுவது அவராக இருக்க வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் நோட்டு, அவர் திறக்கமாட்டார். மருந்துக்கு ஏழு நாள் டப்பா வாங்குங்கள். குழி காலி என்றால் போட்டாயிற்று. மறதியில் இரண்டு தடவை போடுவது இந்த வீடுகளில் எளிதில் நடக்கக்கூடிய விபத்து; இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டால் தலைசுற்றி விழுவார். அடுப்பு வேலை இப்போதைக்கு அவருக்கு வேண்டாம். கோப்பி கலக்கத்தான் வேண்டுமென்றால் தானாக அணையும் மின்கேத்தல் போதும். நீங்கள் சமையல் முடித்ததும் கேஸ் தலையைத் திருப்பி மூடிவிடுங்கள்.

'இது யாரு, பேரைச் சொல்லுங்க பார்ப்போம்' என்று வருகிறவர்களெல்லாம் பரீட்சை வைப்பதை நிறுத்துங்கள். தவறான பதிலைச் சொல்லவைத்தால் அந்தத் தவறும் மனதில் பதிகிறது. 'செல்வி வந்திருக்கா, உங்க தங்கச்சி மக' என்று நீங்களே சொல்லிவிடுவது மேல். 'இப்பதானே சொன்னேன்' என்ற இரண்டு சொல்லும் வேண்டாம். பதிலைத் திரும்பச் சொல்லுங்கள், நோட்டைக் காட்டுங்கள். பார்க்க வருகிறவர்கள் ஒரு நேரத்தில் இரண்டு பேர், கால் மணி நேரம். வேலை எதுவானாலும் 20, 30 நிமிடம், பிறகு படுக்கை. களைத்த பின் ஓய்வெடுப்பதில் பாதிப் பயன்தான். களைப்பதற்கு முன் எடுக்க வேண்டும்.

கோப்பையைத் தூக்கும்போது கை வெட்டி வெட்டி உதறுகிறதா? சிலருக்கு இந்த நிலைக்குப் பிறகு அப்படி வரும், அதற்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பிடாமல் கிடந்தால் அது மனச்சோர்வு. மறதியோடு சேர்த்து மூடிவிடாதீர்கள். திடீரென்று ஒரு பக்கம் தளர்ந்தால், வாய் கோணினால், வலிப்பு வந்தால் அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி.

கேள்வி: சிபிஆர் செய்ததில் நெஞ்செலும்பு விரிசல் என்றார்கள். மூன்று வாரம் ஆகியும் இருமினால் உயிர் போகிறது. மறுபடி இதயம்தானோ என்று ஒவ்வொரு தடவையும் பயம். உருட்டு வைத்தியரிடம் போகலாமா? (வாசகர், லிந்தாங்)

பதில்: உருட்டுக்குப் போகாதீர்கள் ஐயா. விரிந்த எலும்பைத் தேய்த்தால் சேருகிற இடம் மறுபடி விலகும். அதோடு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவருக்குத் தேய்த்த இடத்தில் உள்ளே ரத்தம் கட்டும்.

விலா வலி ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் இருக்கும். அழுத்தினால், திரும்பினால், மூச்சை இழுத்தால் குத்தும்; அசையாமலிருந்தால் அடங்கும். இதய வலியை விரலால் காட்ட முடியாது, உள்ளங்கையால்தான் காட்டுவார்கள். பாரமாக அமுக்கும், தாடைக்கோ கைக்கோ ஓடும், வேர்க்கும், எப்படித் திரும்பிப் படுத்தாலும் மாறாது. இரண்டாவது மாதிரி வந்தால் 999. சந்தேகமாக இருந்தாலும் 999தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகும். நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டும் பழைய வழக்கத்தை விடுங்கள். மூச்சு மேலோட்டமாகி, சளி தேங்கி, நிமோனியாவில் முடியும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்து தடவை ஆழமாக மூச்சிழுத்து விடுங்கள்; வலித்தாலும் அது மட்டும் தவறக் கூடாது. படுக்கையிலிருந்து நேராக எழும்பாதீர்கள். முழங்காலை மடக்கி, மரக்கட்டை உருளுவதுபோல் தோளும் இடுப்பும் சேர்ந்து பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுந்தால் நெஞ்சில் இழுப்பு வராது. நிரம்பிய கேஸ் தோங், அரிசி மூட்டை, பேரப்பிள்ளை மூன்றையும் ஆறு வாரத்துக்குத் தூக்க வேண்டாம்.

வலிக்கு பாராசிட்டமால். கல்லீரல் கோளாறு இல்லாத, 50 கிலோவுக்கு மேலுள்ள பெரியவருக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. கடையில் கிடைக்கும் பொன்ஸ்தான், இபுப்ரோஃபன், வோல்டாரன் மாத்திரை வேண்டாம். இதயத்துக்கும் ஆகாது, ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியவைக்கும்.

கேள்வி: எனக்கு 19 வயது. பள்ளியில் செயிண்ட் ஜான் ஆம்புலன்சில் இருந்தேன். போன மாதம் கோயில் திருவிழாவில் பக்கத்து லயத்து மாமா விழுந்தார். நான்தான் அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வர 25 நிமிடம். மாமா இறந்துவிட்டார். அழுத்தும்போது எலும்பு முறிந்த சத்தம் இன்னும் கேட்கிறது. வாயில் ஊதவில்லை. முதலில் அவர் மூச்சு வாங்கியதுபோல இருந்ததால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். 'போட்டு அழுத்தி எலும்பை ஒடைச்சிட்டான்' என்று ஒருவர் சொன்னார். யாரோ வீடியோ எடுத்து வாட்சப்பில் விட்டிருக்கிறார்கள். தூக்கம் இல்லை. (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, நீங்கள் கேட்காத கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

எலும்பு முறிவது தப்பாக அழுத்தியதால் அல்ல. பெரியவர் ஒருவரின் நெஞ்சை 5 சென்டிமீட்டர் அமுக்கினால் விலாவோ நடு எலும்போ விரிவது சாதாரணம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அழுத்தினாலும் முறியும். அந்தச் சத்தம் கேட்டு நிறுத்தியிருந்தால்தான் தவறு. மாமாவின் இதயம் உங்கள் கை படும் முன்பே நின்றுவிட்டது. நின்ற இதயத்தை அழுத்திக் கொல்ல முடியாது.

வாயில் ஊதாததும் குற்றமல்ல. பெரியவர் திடீரென்று விழும்போது கையால் மட்டும் அழுத்தினால் போதும் என்றுதான் பொதுமக்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். அதை மூளைக்குத் தள்ளுவதுதான் முதல் வேலை.

நீங்கள் பார்த்த மூச்சு மூச்சல்ல. மீன் வாயைத் திறப்பதுபோல விட்டுவிட்டு இழுக்கும், குறட்டை மாதிரிச் சத்தம் வரும். இதயம் நின்றவர்களில் பலருக்கு முதல் சில நிமிடம் இப்படி வருகிறது. மூளைத்தண்டின் கடைசி அனிச்சை அது. அனுபவமுள்ளவர்களையே ஏமாற்றும். பயிற்சி பொம்மை அப்படி மூச்சிழுப்பதில்லை, அதனால் பயிற்சியில் அதை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் தயங்கியதற்குக் காரணம் அதுதான்.

25 நிமிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியும் இல்லாமல், அழுத்த ஆளும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. அழுத்துவது அந்தச் சரிவை மெதுவாக்கும், நிறுத்தாது. ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் உயிரோடு வீடு திரும்புகிறவர்கள் பெரும்பாலான நாடுகளில் பத்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. சாலை, தூரம், கருவி எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. உங்கள் இரண்டு கையில் இருந்தது அதில் ஒரு பகுதி. அதை நீங்கள் செய்தீர்கள்.

இப்போது தூக்கத்துக்கு வருவோம். சத்தம் திரும்பத் திரும்பக் கேட்பது, அந்த இடத்தைத் தாண்ட மனம் வராதது, திடுக்கிடுவது, சாப்பாடு இறங்காதது எல்லாம் முதல் சில வாரத்தில் பலருக்கும் வருவதுதான். பெரும்பாலும் தானே தணியும். அந்த வீடியோவை அழியுங்கள், அனுப்பியவரிடமும் அழிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் காயம் மறுபடி திறக்கிறது. நடந்ததை ஒரே ஒரு முறை, மணிக்கணக்கோடு, தொடக்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் போனது வரை எழுதி வையுங்கள். தலைக்குள் சுற்றுவது துண்டு துண்டான படம். எழுதினால் தொடக்கமும் முடிவும் உள்ள சம்பவமாகிறது. நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள். பத்துப் பேரைக் கூட்டி உட்காரவைத்து எல்லாரையும் பேசச் சொல்லும் கூட்டம் யாராவது நடத்தினால், விருப்பமில்லாவிட்டால் போக வேண்டாம். கட்டாயப்படுத்திப் பேசவைப்பது நன்மை செய்வதில்லை, சிலருக்கு மோசமாக்குகிறது. தூங்குவதற்காகச் சம்சுவோ பீரோ வேண்டாம். குடித்தால் கண் மூடும், விடியற்காலையில் கெட்ட கனவோடு திறக்கும்.

மணிக்கட்டும் இடுப்பும் வலித்தால் அது வெறும் தசைப்பிடிப்பு. மாமாவின் ரத்தம் உங்கள் கையில் இருந்த வெட்டுக்காயத்தில் பட்டிருந்தால் மட்டும் கிளினிக்கில் சொல்லி ஹெபடைட்டிஸ் ரத்தச் சோதனை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் இது குறையவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். கடிதத்தைப் பார்த்தால் அந்தக் கெடு நெருங்கிவிட்டது. அரசாங்க கிளினிக்கில் (கிளினிக் கெசிஹாத்தான்) 'சம்பவத்துக்குப் பிறகு தூக்கமில்லை' என்று சொன்னால் மனநல ஆலோசகரிடம் அனுப்புவார்கள். சம்பவத்தை மையமாக வைத்துச் செய்யும் பேச்சு சிகிச்சை இருக்கிறது, வேலை செய்கிறது. போனில் பேசவேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. தமிழில் பேச ஆள் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு மாதக் கணக்கெல்லாம் இல்லை, அன்றே போன் செய்யுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

மாமாவின் வீட்டுக்குப் போகலாமா என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறோம். போங்கள், அம்மாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு. அந்தக் குடும்பத்துக்கு 'கடைசியில் யாராவது பக்கத்தில் இருந்தார்களா' என்ற கேள்வி இருக்கும். அதற்குப் பதில் தெரிந்த ஆள் நீங்கள்.

'அழுத்தி ஒடைச்சிட்டான்' என்று சொன்ன பெரியவரும் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்தான் என்று நம்புகிறோம்.

கேள்வி: நானே என் கணவருக்கு அழுத்தினேன், பிழைத்துவிட்டார். அவர் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார், நான் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். பிழைத்தவருக்கு இல்லாத பயம் எனக்கு ஏன்? (வாசகி, சுங்கை சிப்புட் டவுன்)

பதில்: அவருக்கு அந்த நாளே நினைவில் இல்லை, உங்களுக்கு ஒரு நொடிகூட மறக்கவில்லை. அதுதான் வித்தியாசம். கண்ணால் பார்த்த துணைவருக்கு, பிழைத்தவரைவிட அதிக மன அதிர்ச்சி இருப்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. அப்பாயின்ட்மென்ட்டுக்குக் கூடப் போகும்போது உங்களைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி மகனோ மருமகளோ பக்கத்து அறையில் படுக்கட்டும், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் கொஞ்சம் அடங்கும். 999க்கு அழைத்து 'எஸ்டேட்ல மூணாவது டிவிஷன், கோயில் பக்கத்துல' என்றால் எங்கோ உட்கார்ந்திருப்பவருக்கு என்ன புரியும்? ஓர் அட்டையில் மலாயில் எழுதுங்கள்: தோட்டத்தின் முழுப்பெயர், டிவிஷன், எந்தப் பெரிய சாலையிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டரில் திரும்புவது, திருப்பத்தில் என்ன அடையாளம், லய எண், வீட்டு எண், உங்கள் போன் எண். கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். ராத்திரி தோட்டத்துக் கேட்டைப் பூட்டுகிறார்களா, சாவி எந்தக் காவலாளியிடம், அவர் போன் எண் என்ன? திருப்பத்தில் மோட்டாரோடு நின்று ஆம்புலன்சை உள்ளே கூட்டிவர ஒரு பையனை இப்போதே பேசி வையுங்கள். ஆலையிலோ மண்டபத்திலோ ஏஇடி கருவி இருந்தால் எந்த அலமாரி, ராத்திரியில் யார் திறப்பார் என்று கேட்டு எழுதுங்கள். வீட்டிலுள்ள இன்னொருவரும் சிபிஆர் கற்றுக்கொள்ளட்டும். எல்லாம் உங்கள் இரண்டு கையில்தான் என்ற நிலை போனாலே தூக்கம் கொஞ்சம் வரும்.

கேள்வி: நெஞ்சில் ஐசிடி கருவி வைத்திருக்கிறார்கள், ஏழு வாரம் ஆகிறது. குலை வெட்டு, மருந்தடிப்பு, புல் மெசின் மூன்றும் என் வேலை. மண்டோர் (மேற்பார்வையாளர்) எப்போது வருகிறாய் என்று கேட்கிறார். (வாசகர், தோட்டப் பெயர் வேண்டாம்)

பதில்: ஐசிடி என்பது இதயம் தாறுமாறாகத் துடித்தால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்து நேராக்கும் கருவி. வைத்த பக்கத்து முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது முதல் 4 முதல் 6 வாரத்துக்கு மட்டும். கம்பி இதயத்தில் பதிவதற்கான காலம் அது. பயத்தில் கையையே அசைக்காமல் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். அதனால் இப்போது மெதுவாக அசைக்கத் தொடங்குங்கள்.

ஆனால் நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி நாளெல்லாம் மேலே நீட்டி இழுப்பது வேறு விஷயம். கருவியின் கம்பி காலர் எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே போகிறது. கை திரும்பத் திரும்ப மேலே போய்வந்தால் அந்த இடுக்கில் கம்பி நசுங்கி, வருடங்கள் கழித்து முறியலாம். முறிந்த கம்பி தேவையில்லாத நேரத்தில் அதிர்ச்சி கொடுக்கும், தேவையான நேரத்தில் கொடுக்காமலும் போகும். மருந்தடிக்கும் தோங் 16 லிட்டர் நிரம்பினால் 16 கிலோவுக்கு மேல்; அதன் வார் நேராகக் கருவியின் மேல் உட்காரும், தோல் தேய்ந்து புண்ணாகும். புல் மெசினில் தீப்பொறி பகுதியிலிருந்து கருவி 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தோளில் மாட்டும் மெசினில் அந்த இடைவெளி நிச்சயமில்லை. பெரிய ஆபத்து வேறு. ஓடும் கத்தியைப் பிடித்தபடி, ஆளில்லாத வரிசையில் நீங்கள் மயங்கி விழுவது. ஆகவே இந்த மூன்று வேலைக்கும் கருவியைப் பரிசோதிக்கும் கிளினிக்கில் தனித்தனியாகக் கேளுங்கள். 'லைட் டியூட்டி' என்று ஒரு வரி எழுதிய கடிதத்தால் தோட்டத்தில் ஒன்றும் நடக்காது. எந்தெந்த வேலை செய்யலாம், எது கூடாது, எத்தனை கிலோ, தனியாக வேலை செய்யலாமா என்று டாக்டரிடம் பட்டியலாகவே எழுதி வாங்குங்கள். பழம் பொறுக்குதல், நிறுவை, நர்சரி, ஸ்டோர் என்று மாற்று வேலை கேட்கலாம்.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர்தானே? அவர்களிடம் 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் இருக்கிறது. ஒரு பொறுப்பாளர் வந்து உங்கள் சார்பில் முதலாளியிடம் பேசுவார். பழைய வேலைக்குத் திரும்பவே முடியாதென்றால் கெஇலாத்தான் (உடல் இயலாமை) ஓய்வூதியத்துக்கும் அங்கேதான் மனு. எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு), டிஸ்சார்ஜ் தாள், கருவியின் அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

ஒரு அதிர்ச்சி வந்து, உடனே தெளிவாகிவிட்டால் அன்றைக்கோ மறுநாளோ கிளினிக்குக்குப் போன் போதும். தொடர்ந்து இரண்டு வந்தால், அல்லது ஒன்றே வந்து நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் 999. கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, மறுபக்கக் காதில் பேசுங்கள். மருந்தில் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் இருந்தால் வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். முழுக்கைச் சட்டை போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டு ரத்தச் சோதனை கேளுங்கள்.

கேள்வி: 'எமலோகம் வரை போய்வந்தீங்களே, என்ன பார்த்தீங்க?' என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. ஐசியூவில் சுவரில் பாம்பு ஊர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: நினைவு இல்லாததுதான் வழக்கம். நிற்பதற்கு முந்தைய சில மணி நேரமோ நாளோகூட அழிந்திருக்கலாம், அது திரும்பாது. பாம்பு மயக்க மருந்தும் காய்ச்சலும் தூக்கமின்மையும் சேர்ந்து காட்டியது. ஐசியூவில் படுத்த பலருக்கும் வரும். காலி இடத்தை நிரப்ப வேண்டுமென்றால் அந்த நாட்களில் கூட இருந்தவரிடம் நாள்வாரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கிறவர்களுக்கு 'நல்லா தூங்கினேன்' என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பிழைத்தால் தைப்பூசத்துக்கு பத்துமலையில் அலகு குத்திக் காவடி எடுப்பதாக என் தாயார் வேண்டிக்கொண்டார். எனக்கு ஐசிடி இருக்கிறது. (வாசகர், குவாலா கங்சார் சாலை)

பதில்: அலகு வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. தோலில் துளையிடும்போது நுழையும் கிருமி ரத்தம் வழியாகக் கருவியின் கம்பியில் போய் ஒட்டினால், மருந்தால் மட்டும் அதைக் கழுவ முடியாது. கருவியையும் கம்பியையும் மொத்தமாகப் பிடுங்க வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் இருந்தால் குத்திய இடம் நிற்காமல் கசியும். ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழல்) வைத்தவர்கள் அதற்காக மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. அதைவிட ஆபத்தான யோசனை இல்லை, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

படியேறலாம், தயாரானால். 272 படி என்பது பதினாலு பதினைந்து மாடி. முதல் வாரங்களில் சமதரையில் பத்து நிமிட நடை, காலையும் மாலையும், வெயிலுக்கு முன்னும் பின்னும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி அரை மணிக்குக் கொண்டுவாருங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஆஸ்பத்திரியில் இதய மறுவாழ்வுப் பயிற்சி இருந்தால் அங்கே கண்காணிப்போடு செய்வது இன்னும் நல்லது. இரண்டு மாடி நிற்காமல், மூச்சு வாங்காமல் ஏற முடிந்த பிறகு டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கூட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்போ பின்போ, விடியற்காலையில். நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர் முழுப் பட்டினி விரதம் இருந்தால் உப்புச் சத்து குறைந்து துடிப்பு தடுமாறும், ஆகவே பால் பழம் எடுத்துக்கொண்டு விரதமிருங்கள். பால்குடம் தலையில் வேண்டாம், இடுப்பில். முடி காணிக்கை, அன்னதானம் என்று வேண்டுதலை மாற்றிக்கொள்ள வழி இருப்பதைத் தாயாரிடம் சொல்ல எங்களைவிடக் கோயில் குருக்கள் பொருத்தமானவர். அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தாம்பத்தியம் எப்போது? நண்பர் தொங்காட் அலி கோப்பி குடிக்கச் சொல்கிறார். (பெயர், ஊர் இல்லை)

பதில்: மேலே சொன்ன அதே இரண்டு மாடிக் கணக்குதான், நெஞ்செலும்பு வலி போன பிறகு. ஐசிடி அந்த நேரத்தில் அதிர்ச்சி கொடுத்தாலும் துணைவிக்கு ஆபத்தில்லை. கோப்பி வேண்டாம். ஆண்மைக் கோப்பி என்று விற்கும் பாக்கெட்டுகளில் சில்டனாஃபில், தடலாஃபில் மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். லேபிளில் அது இருக்காது. நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உங்களிடம் இருந்தால், இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். தெரியாமல் குடித்தபின் நெஞ்சு வலித்தால் நைட்ரேட் வைக்காமல் 999க்கு அழைத்து, என்ன குடித்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பிரச்சினை துடிப்பைக் குறைக்கும் மாத்திரையால் வந்ததென்றால் டாக்டர் அதை மாற்றித் தர முடியும்.

கேள்வி: ஆலைக்கு பழ லாரி ஓட்டுகிறேன். ஐசிடி வைத்த பிறகு ஓட்டலாமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: சொந்தக் கார், மோட்டாரைப் பொறுத்தவரை இதய நிறுத்தத்துக்குப் பின் ஐசிடி வைத்தவர் பிரிட்டனில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். உங்கள் காலத்தை உங்கள் இதய டாக்டர் சொல்வார், எழுத்தில் வாங்குங்கள். லாரிக்கு வேறு கணக்கு. பிரிட்டனில் ஐசிடி உள்ளவருக்குக் கனரக வாகன உரிமம் கிடையாது, காலமெல்லாம். ஜிடிஎல் (சரக்கு வாகன ஓட்டுநர் உரிமம்) புதுப்பிக்கும் மருத்துவப் படிவத்தில் கருவியை மறைத்து ஓட்டி, ஒரு விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிடலாம். லாரி நிர்வாகம், நிறுவைக்கூடம், ஓட்டுநர் அட்டவணை போடும் மேசை வேலை இருக்கிறதா என்று நிறுவனத்தில் கேளுங்கள். இல்லையென்றால் மேலே குலை வெட்டும் நண்பருக்குச் சொன்ன அதே சொக்சோ கவுன்டர்தான், எம்சி முடியும் முன் போங்கள்.